தட்டையான மேலங்கியில் கான்ட்ராஸ்ட் பெயின்ட் திட்டுத்திட்டாக நிற்கிறது, ஏன்?

#1 கறுப்புபிரைமர்

28 மி.மீ. காலாட்படை மினிகள் (விளையாட்டுக்கான சிறு பொம்மை வீரர்கள்), மொத்தம் பத்து, கடின பிளாஸ்டிக். செய்த வரிசை: கறுப்பு ஸ்பிரே பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் முதல் பூச்சு), அதன்மேல் சாம்பல் நிறத்தில் கனமான டிரைபிரஷ் (பெயின்டைத் துடைத்த பிரஷால் மேடுகளில் தேய்ப்பது), பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை டிரைபிரஷ், கடைசியாக கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் ஒரே பூச்சு. சங்கிலிக் கவசம், முடி, தோல் பை எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. சிக்கல் மூன்று.

ஒன்று, மேலங்கியின் முதுகுப் பக்கத்திலும் கேடயத்திலும் நீர் காய்ந்த தடம் போல வளையம் வளையமாகத் திட்டு.

இரண்டு, அதைச் சரிசெய்ய நீர்த்த அக்ரிலிக்கில் ஹைலைட் (மேடுகளில் வெளிர் நிறம்) போட்டால் அடியிலிருக்கும் கான்ட்ராஸ்ட் பூச்சு கரைந்து மேலே வந்து சேறாகிறது.

மூன்று, மேட் (பளபளப்பில்லாத) ஸ்பிரே வார்னிஷ் அடித்ததில் இரண்டு மினிகளின் மேல் வெள்ளைப் பனி படர்ந்துவிட்டது.

அடுத்து ஒரு டாங்கியில் துருவும் பெயர்ந்த பெயின்டும் செய்து பார்க்கும் எண்ணம். ஆயில் வாஷ், உப்பு, ஹேர்ஸ்பிரே என்று மூன்று வழி சொல்கிறார்கள். எது முதலில், எது பிறகு?

#2 ஈரத்தட்டு

முதல் சிக்கலுக்குக் காரணம் பெயின்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கான்ட்ராஸ்ட் வகையில் நிறமி குறைவு, மீடியம் (நிறமியைத் தாங்கும் நிறமற்ற திரவம்) அதிகம். பள்ளத்தில் தேங்கி மேட்டில் இருந்து வழியத்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். தட்டையான பரப்பில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. ஆகவே அது தானே ஒரு பள்ளத்தைத் தேடிக்கொள்கிறது. ஈரப்படலத்தின் விளிம்பு முதலில் காயும். அங்கே ஆவியாகும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடும், ஓடும்போது நிறமியையும் கூட்டிக்கொண்டு போகும். வளையம் அப்படித்தான் வருகிறது.

பூசும் முறையில் மாற்ற வேண்டியவை:

மேலங்கியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்பை முழுதாக நனைத்து முடித்த பிறகே அடுத்தது. பாதியில் பிரஷைக் கழுவப் போகக் கூடாது.

பெயின்டை மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளி, அடி ஓரத்தில் சொட்டாகச் சேர்த்து, கழுவிப் பிழிந்த ஈரப் பிரஷால் அந்தச் சொட்டை உறிஞ்சி எடுங்கள். இதெல்லாம் முதல் ஒரு நிமிடத்துக்குள். படலம் மங்கத் தொடங்கிவிட்டால் அதைத் தொடாதீர்கள். பாதி காய்ந்த தோலைப் பிரஷ் கிழிக்கும், கிழிந்த இடம் நிரந்தரமாகத் தெரியும்.

நீர்க்க வேண்டுமென்றால் அதே வகைக்கான மீடியத்தால் நீர்க்கவும். 1:1 தட்டைப் பரப்புக்குப் போதும். தண்ணீர் சேர்த்தால் சீராகப் பரவ வைக்கும் பொருள்களின் செறிவு குறைகிறது, பெயின்ட் உருண்டு நிற்கிறது, வளையம் இன்னும் மோசமாகும்.

உங்கள் வரிசையில் இன்னொரு குற்றவாளியும் உண்டு, டிரைபிரஷ். அது மேடுகளைத்தான் பிடிக்கும். மேடே இல்லாத முதுகில் கீறல் கீறலாக, சுண்ணாம்பு தேய்த்த மாதிரி நிற்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒளி ஊடுருவும் பெயின்ட் மேலே ஏறியதும் ஒவ்வொரு கீறலையும் எடுத்துக் காட்டிவிடும்.

#3 நுனிபிரஷ்

ஈரத்தட்டு சொன்னது எல்லாம் சரி, ஆனா அடிப்படைக் கேள்வியை விட்டுட்டீங்க. தட்டை இடத்துல கான்ட்ராஸ்ட் எதுக்கு? பத்து மினிக்கு மேலங்கி பத்துதான். சாதாரண அக்ரிலிக்கை ரெண்டு மெல்லிய பூச்சு அடிச்சா முடிஞ்சது. கான்ட்ராஸ்டை மீடியத்தோட 1:3 கலந்து மடிப்போட பள்ளத்துல மட்டும் இழுத்து விடுங்க. ரோமம், சங்கிலி, முகம், கூடை, கயிறு, இதுக்கெல்லாம் கான்ட்ராஸ்ட் ராஜா. கேடயத்துக்கு இல்ல.

#4 ஈரத்தட்டு

> தட்டை இடத்துல கான்ட்ராஸ்ட் எதுக்கு?

வேகத்துக்கு. பத்து மினிகளுக்கு உங்கள் வழி சரி, நூறு என்றால் கணக்கு வேறு. தட்டைப் பரப்பிலும் அது ஒழுங்காக வரும், ஆனால் அடியில் இருப்பது வழவழப்பாக இருக்க வேண்டும். சிட்டாடல் என்ற பெயின்ட் பிராண்ட் 2019இல் கான்ட்ராஸ்டை வெளியிட்டபோது ரெய்த்போன், கிரே சீர் என்று இரண்டு தனி பிரைமர் ஸ்பிரேக்களையும் கூடவே கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். சாதாரண மேட் பிரைமரின் சொரசொரப்பு பெயின்டைப் பிடித்து நிறுத்தும். வழவழப்பான அடியில் அது வழுக்கி ஓடும்.

கறுப்பு-சாம்பல்-வெள்ளை முறையே வேண்டுமென்றால் டிரைபிரஷுக்குப் பதில் ஸ்பிரேயிலேயே செய்யலாம். எல்லாப் பக்கமும் கறுப்பு, 45 பாகை சாய்வில் சாம்பல், நேர் மேலிருந்து சின்ன வீச்சாக வெள்ளை. முதுகில் கீறல் இல்லாத நிழல் கிடைக்கும். டிரைபிரஷைச் சங்கிலிக்கும் ரோமத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

#5 அரைச்சொட்டு

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். கைக்கு ஒட்டாத அளவு காய்வது ஒன்று, படலம் முழுக்க இறுகுவது வேறொன்று. அக்ரிலிக்கில் நீர் போனதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து படலமாகும். அரை மணியில் தொட்டால் ஒட்டாது. உள்ளே இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். மீடியம் அதிகமுள்ள பெயின்டில் இந்த இடைவெளி நீளும்.

சில பெயின்டுகள் எவ்வளவு நேரம் விட்டாலும் நீர் பட்டால் மறுபடி கரைபவை. 2022இல் வந்த ஸ்பீட்பெயின்ட் என்ற கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்டின் முதல் பதிப்பு இந்தக் குணத்துக்காகவே பேசப்பட்டது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். ஆகவே உங்கள் புட்டி எந்த வகை, எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

பார்க்க முடியாவிட்டால் சோதித்துவிடலாம். உதிரி பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு கோடு இழுத்து 24 மணி நேரம் விடவும். ஈரப் பஞ்சுக்குச்சியால் பத்துமுறை தேய்க்கவும். பஞ்சில் நிறம் ஏறினால் அது கரையும் வகை.

கரையும் வகை என்றால் இரண்டு வழி. மேலே மெல்லிய மேட் வார்னிஷ் ஒரு பூச்சு போட்டு அடைத்துவிட்டு ஹைலைட்டைத் தொடங்குவது ஒன்று. இன்னொன்று, ஹைலைட்டைக் குறைந்த நீரில் கலந்து ஒரே இழுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது. முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் கரைக்கிறது. கிளேஸ் முறை இங்கே வேலைக்கு ஆகாது, ஏனென்றால் கிளேஸ் என்பதே நீர்த்த பெயின்டைப் பலமுறை மேலே ஏற்றுவதுதான்.

#6 துருவாசர்

வார்னிஷ் பனி. இது மாதம் ஒருமுறை இங்கே வந்துவிடும் கேள்வி. யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. சரி.

பனியில் இரண்டு ஜாதி. முதலாவது ஈரப்பதத்தால் வருவது. ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது, படலம் மங்கிவிடுகிறது. மழை நாளில் அடித்தால் மினி முழுக்கச் சீராக வெளுத்திருக்கும். இரண்டாவது மேட் பொடியால் வருவது. மேட் வார்னிஷை மங்கலாக்குவது அதில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கா. அது புட்டியின் அடியில் படிந்துவிடும். சரியாகக் குலுக்காவிட்டால் முதலில் நீர்த்த வார்னிஷ் வரும், பிறகு பொடியாக வரும். கனமாக அடித்தாலும் இதே கதி, பொடி பள்ளங்களில் தேங்கும். அக்குளிலும் மடிப்பிலும் மட்டும் வெள்ளை என்றால் அது இந்த ஜாதி.

குலுக்குவது: உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு முழுதாக இரண்டு நிமிடம். தூரம்: 20 முதல் 30 செ.மீ. அருகே போனால் தேங்கும். தூரம் போனால் துளி காற்றிலேயே காய்ந்து மணல்தாள் போலச் சொரசொரக்கும். வீச்சு மினிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும், மினியின் மேல் விசையை அழுத்தித் தொடங்கவே கூடாது. மெல்லியதாக இரண்டு முறை, நடுவில் காய விட்டு.

வந்துவிட்ட பனியை எடுக்க: கிளாஸ் (பளபளப்பு வகை) வார்னிஷைப் பிரஷால் மெல்லியதாகப் பூசவும். ஒளியைச் சிதறடிக்கும் மேடுபள்ளத்தை அது நிரப்பிவிடும், நிறம் திரும்பி வரும். 24 மணி நேரம் கழித்து மேட் வார்னிஷைப் பிரஷாலோ ஏர்பிரஷாலோ (காற்றழுத்தத்தில் தெளிக்கும் கருவி) போடவும். மறுபடி ஸ்பிரேயைக் கையில் எடுக்காதீர்கள்.

எண்ணெய் தடவினால் போய்விடும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. அந்த நிமிடத்துக்குப் போகும், காரணமும் அதே நிரப்புதல்தான். ஆனால் எண்ணெய் காயாது, அதன்மேல் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது.

#7 கறுப்புபிரைமர்

பார்த்தேன், முழுக்கச் சீரான வெளுப்பு. முதல் ஜாதி. கிளாஸ் போடுகிறேன்.

கான்ட்ராஸ்ட் விஷயத்தில் ஈரத்தட்டு வழியையும் நுனிபிரஷ் வழியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மினியிலேயே சோதிக்கத் தயக்கமாக இருக்கிறது. எதில் செய்வது?

#8 அரைச்சொட்டு

பிளாஸ்டிக் கரண்டி. குழிந்த பக்கம் கேடயத்தின் உட்புறம், குவிந்த பக்கம் மேலங்கியின் முதுகு. ஆனால் கரண்டியின் அடியில் இருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், மினியும் பெரும்பாலும் அதே பிளாஸ்டிக்தான். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். அதில் பிரைமரே ஒட்டாது, நகத்தால் சுரண்டினால் உரியும், சோதனையில் பொய் முடிவு வரும். (1:72 அளவிலான மென்மையான பொம்மைப் படைவீரர்களின் துப்பாக்கியும் ஈட்டியும் வளையும்போது பெயின்ட் உதிர்வதும் இதே சாதிப் பிளாஸ்டிக்கால்தான், அங்கே பாலிஎத்திலீன்.)

கரண்டியின் பளபளப்பை 600 எண் மணல்தாளால் போக்கி, கழுவி, காய வைத்து, பிரைமர் அடியுங்கள்.

ஒரு கரண்டிக்கு ஒரு மாற்றம்தான். பிரைமரையும் மாற்றி, நீர்ப்பையும் மாற்றி, பிரஷையும் மாற்றினால் எது காரணமென்று கடைசிவரை தெரியாது. முதல் சுற்றில் பிரைமர், பெயின்ட், பிரஷ் மூன்றும் ஒன்றே, நீர்ப்பு மட்டும் வேறு: நீர்க்காதது, மீடியம் 1:1, தண்ணீர் 1:1. நான்காவதாக நுனிபிரஷின் அக்ரிலிக் வழி.

விகிதத்தைச் சொட்டில் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. வேறு வேறு புட்டியின் மூக்கு வேறு வேறு அளவு சொட்டு விடும். மூடியைத் திறந்து எடுக்கும் குப்பியில் சொட்டே கிடையாது. ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் அளந்தால் சண்டையில்லை. விகிதத்தைக் கரண்டிக் காம்பில் அழியாத மையில் எழுதுங்கள். பாதியை மறைத்து, மறுபாதியில் மட்டும் வார்னிஷ் போட்டால் வார்னிஷ் நிறத்தை எவ்வளவு ஆழமாக்குகிறது என்பதும் அதே கரண்டியில் தெரிந்துவிடும்.

#9 நுனிபிரஷ்

பிரஷ்னு சொன்னதும் ஒண்ணு. மேலங்கிக்கு 000 பிரஷைத் தூக்கிட்டு வராதீங்க. சின்ன பிரஷ் சின்ன வேலைக்குன்னு நெனைக்கிறது தப்பு. அதோட வயித்துல பெயின்டே நிக்காது, மினிக்குப் போறதுக்குள்ள நுனி காஞ்சிடும். கொலின்ஸ்கிங்கிற இயற்கை முடி, நம்பர் 1 இல்ல 2, நுனி கூரா இருந்தா கண்ணுமணி வரைக்கும் அதுவே போதும். முடியோட பாதிக்கு மேல பெயின்ட்ல முக்காதீங்க. உலோக வளையத்துக்குள்ள பெயின்ட் போய்க் காஞ்சா முடி விரிஞ்சிடும், அப்புறம் சோப்பு போட்டாலும் ஒண்ணு சேராது.

நைலான் பிரஷ் நுனி கொக்கி மாதிரி வளையும். வெந்நீர்ல முக்கி விரலால நீவினா கொஞ்ச நாள் நேரா நிக்கும். மறுபடி வளையும். அதை டிரைபிரஷுக்கும் பசை தடவவும் ஒதுக்கிடுங்க. மெட்டாலிக்குக்குத் தனி பிரஷ், தனித் தண்ணி. இல்லன்னா அடுத்து பூசற முகத்துல மினுமினுப்பு ஒட்டியிருக்கும்.

#10 செம்மண்தளம்

டிரைபிரஷில் சுண்ணாம்புத்தூள் மாதிரி வருவதைப் பற்றி ஒரு வரி. பிரஷ் எலும்பாகக் காய்ந்திருப்பதுதான் காரணம். ஈர ஸ்பாஞ்சில் ஒருமுறை தட்டிவிட்டுப் பெயின்டைத் தொட்டு, சொரசொரப்பான அட்டையில் பெரும்பகுதியைத் துடைத்தால் மென்மையாக ஏறும். குட்டை முடி, உருண்டைத் தலை கொண்ட ஒப்பனைப் பிரஷ் இதற்கு நன்று.

#11 துருவாசர்

டாங்கிக்கு வருவோம். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. உப்பும் ஹேர்ஸ்பிரேயும் பெயின்டைப் பெயர்க்க. ஆயில் வாஷ் அழுக்கைக் காட்ட. பெயர்ப்பது முதலில், அழுக்கு பிறகு.

ஹேர்ஸ்பிரே வரிசை: துரு நிறங்கள் (அடர்பழுப்பு, மேலே ஆரஞ்சுத் தட்டல்கள்), அதன்மேல் வார்னிஷ், 24 மணி நேரம். பிறகு ஹேர்ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு, 15 நிமிடம். பிறகு மேல்நிறம், அக்ரிலிக், மெல்லியதாக. தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் ஒரு சின்னப் பகுதியை நீரால் நனைத்து, அரை நிமிடம் விட்டு, கட்டையான முடி பிரஷால் தட்டவும். நீர் மேல்நிறத்தின் வழியாக இறங்கி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கிறது, மேலே இருப்பது பிடிப்பை இழக்கிறது. தத்துவம் இவ்வளவுதான்.

கெடும் இடங்கள்: மேல்நிறம் கனமாக இருந்தால் நீர் இறங்காது. ஒரு நாள் விட்டுவிட்டால் இறுகிப் பெயராது. நடு வார்னிஷை விட்டுவிட்டால் துருவும் சேர்ந்து பெயர்ந்து பிரைமர் பல்லை இளிக்கும். பாலியூரிதேன் கலந்த பெயின்டை மேல்நிறமாகப் போட்டால் சில்லாகப் பெயராது, ரப்பர் போல நீளமாக உரியும்.

உப்பு: துரு நிறத்தை நீரால் நனைத்து, கல்லுப்பைத் தூவி, முழுக்கக் காய விட்டு, மேலே ஸ்பிரே அல்லது ஏர்பிரஷ், பிறகு உப்பைத் தேய்த்து எடுப்பது. பிரஷால் பூசினால் உப்பு கரையும். பெயர்ந்த தடம் பெரிதாக வரும். கைவிடப்பட்டுத் துருப்பிடித்த வண்டிக்குப் பொருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பொருந்தாது.

காலாட்படைக்கு இரண்டும் வேண்டாம். ஸ்பாஞ்சைப் பிய்த்து அடர்பழுப்பில் தொட்டு, தாளில் முக்கால்வாசியைத் தட்டிவிட்டு, கவசத்தின் விளிம்புகளில் ஒற்றினால் போதும். ஒவ்வொரு தழும்பின் கீழ் விளிம்பிலும் மேல்நிறத்தின் வெளிர் சாயலில் மயிரிழைக் கோடு வைத்தால் அது பெயர்ந்த குழியாகத் தெரியும். மேல் விளிம்பில் வைத்தால் ஒட்டிய சேறாகத் தெரியும்.

இனி ஆயில் வாஷ். முழுதாகக் கிளாஸ் வார்னிஷ், 24 மணி நேரம். குழாய் ஆயில் பெயின்டை அட்டையில் அரை மணி வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை குடித்துவிடும், காய்ந்தபின் பளபளக்காது. மணமில்லா ஒயிட் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயின்டுக்கான கரைப்பான்) கறைபோல ஓடும் அளவு கரைத்து, பிரஷ் நுனியைத் தகட்டு இணைப்பில் தொட்டாலே போதும். கிளாஸ் மேல் அது தானாகக் கோடு முழுக்க ஓடிவிடும். மேட் மேல் தொட்டால் தொட்ட இடத்திலேயே கறையாக ஊறும். அரை மணி கழித்து, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் மழைநீர் வழியும் திசையில் மட்டும் துடைக்கவும்.

ஸ்பிரிட் வெற்று பிளாஸ்டிக்கில் தேங்கக் கூடாது. விறைப்பாக ஒட்டிய இணைப்புகளில் விரிசல் விழும். குளம்போல ஊற்றி முடிக்கும் அவசரக்காரர்களின் டாங்கிச் சக்கரம் தனியாகக் கழன்று வருவது இதனால்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

#12 செம்மண்தளம்

புழுதி காட்டும் நிறமிப் பொடி இதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசி. மேட் வார்னிஷின் சொரசொரப்புதான் பொடியைப் பிடிக்கும். அதன்மேல் மறுபடி வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடி கண்ணைவிட்டு மறைந்துவிடும். விளையாட்டில் கையால் தூக்கும் மினி என்றால் கால், சக்கரம், அடித்தளம் இவற்றில் மட்டும் பொடியைப் போட்டு, நிறமி ஃபிக்ஸரை (பொடியை ஒட்டவைக்கும் திரவம்) ஓரத்தில் தொட்டு ஊற விடுங்கள்.

மினியின் அடித்தளத்தில் பனித்தரை காட்டச் சமையல் சோடாவைப் பசையில் கலப்பவர்களுக்கு: நாளடைவில் மஞ்சளாகும். இதற்கென்றே வரும் நுண்ணிய கண்ணாடித் துகள் மஞ்சளாகாது.

#13 கறுப்புபிரைமர்

கரண்டி முடிவுகள். பிரைமர் எல்லாவற்றிலும் வெளிர்சாம்பல் ஸ்பிரே, பெயின்ட் ஒரே நீலம், பிரஷ் நம்பர் 2.

நீர்க்காதது: வளையம் தெளிவாகத் தெரிகிறது, அடி ஓரத்தில் கறுநீலக் கோடு. மீடியம் 1:1: வளையம் இல்லை, நிறம் வெளிறியிருக்கிறது, இரண்டாம் பூச்சில் சரியானது. தண்ணீர் 1:1: இருப்பதிலேயே மோசம், நடுவில் தீவுகள். அக்ரிலிக் இரண்டு பூச்சும் பள்ளத்தில் மட்டும் கான்ட்ராஸ்டும்: மிகச் சுத்தம், நேரம் மூன்று மடங்கு.

சொட்டை உறிஞ்சாமல் விட்ட ஐந்தாவது கரண்டியில் மீடியம் 1:1 கூட அடியில் கோடு விட்டது. ஆக நீர்ப்பு பாதி, உறிஞ்சுவது பாதி.

கிளாஸ் போட்டதும் பனி இரண்டிலும் போய்விட்டது. சேறாகிப்போன மேலங்கி மூன்றுதான் பாக்கி. அவற்றை மொத்தமாகச் சுரண்டி எடுக்க எதில் ஊற வைப்பது?

#14 நுனிபிரஷ்

மூணு மடங்கா? அக்ரிலிக் முதல் பூச்சு காயக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துட்டீங்க. வரிசையா பத்து மினி வச்சுப் பூசினா பத்தாவது முடியும்போது முதல் மினி காஞ்சிருக்கும். காத்திருப்பே கிடையாது. அந்தக் கணக்குல மறுபடி பாருங்க.

#15 அரைச்சொட்டு

நுனிபிரஷ் சொல்வது நியாயம். ஒரு கரண்டியின் நேரத்தைப் பத்தால் பெருக்கக் கூடாது.

ஊற வைப்பதற்கு: கடின பிளாஸ்டிக் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் மினி முழுகும் அளவு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கவும். போகாத இடத்துக்கு மறுபடி ஊற வைக்கவும். பள்ளத்தில் மீந்த பிரைமரைப் பல்குச்சியால் எடுங்கள், கத்தி வேண்டாம், முகத்தின் வரிகள் போய்விடும். பள்ளத்தில் கொஞ்சம் கறை மீந்தாலும் பரவாயில்லை, மேலே பிரைமர்தான் வரப்போகிறது.

பிளாஸ்டிக் பசையால் ஒட்டிய இணைப்பு நிற்கும், அது உருகி ஒன்றானது. சூப்பர் குளூ இணைப்பு பலமிழந்து கழலலாம். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அது உலோக மினிக்கு மட்டும். பாலிஸ்டைரீனை நிமிடங்களில் கூழாக்கிவிடும், நகப்பூச்சு நீக்கியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. ரெசின் மினி என்றால் ஆல்கஹாலில்கூட நீண்ட நேரம் விடக் கூடாது, மென்மையாகி ஈட்டி வளையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கையுறை போடுங்கள், அருகில் நெருப்பு கூடாது. பெயின்ட் கசடு ஜாடியின் அடியில் படிந்ததும் மேலே தெளிந்த ஆல்கஹாலை வேறு ஜாடிக்கு மாற்றினால் அடுத்த முறைக்கும் ஆகும். மினிகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். மடிப்பில் ஆல்கஹால் மீந்திருந்தால் புதுப் பிரைமர் அங்கே குமிழ்விடும்.

#16 கறுப்புபிரைமர்

ஜாடியில் போட்டாயிற்று. மூன்றில் ஒன்றின் கை சூப்பர் குளூவால் ஒட்டியது என்பது இதைப் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப ஒட்டும்போது 1 மி.மீ. துளையிட்டுக் கம்பி வைத்துவிடுகிறேன்.

#17 துருவாசர்

பிளாஸ்டிக் மினியின் கைக்குக் கம்பி எதற்கு? கம்பி உலோக மினிக்கு. இரண்டு முகத்திலும் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பெயின்ட் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் பசை தொட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள்.